மூன்று புள்ளி மூன்று

சலவைக்கூடத்தில் அவளுக்குப் பெயர் மடிப்பு. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது வருகைப் பதிவேட்டில் சௌக்கியமாக இருந்தது. பன்னிரண்டு வருடமாக நீராவி இஸ்திரிக்கு முன்னால் நிற்கிறாள். முழுக்கைச் சட்டைக்கு அவள் போடுகிற மடிப்பை நாலு பேர் சேர்ந்து கசக்கினாலும் அழிக்க முடியாது என்று கூடத்தில் ஒரு பேச்சு. காலர் முதலில், அப்புறம் தோள், அப்புறம் இரண்டு கைகள், முதுகு, முன்பக்கம் கடைசியில். ஒரு சட்டைக்கு மூன்று நிமிடம். ஒன்பது மணி நேரமும் நின்றுகொண்டேதான் வேலை. மழையில் நனைந்து நடுங்கிக்கொண்டு வருகிறவர்கள்கூட உள்ளே வந்த கால் மணி நேரத்தில் வேர்த்துப்போய் முகத்தைத் துடைப்பார்கள்.

அன்றைக்கு அவள் அரைநாள் விடுப்பு கேட்டபோது மேற்பார்வை பார்க்கிற அக்கா ஏன் என்று கேட்கவில்லை. நாலு வருடத்துக்கு முன்னால் கேட்டாள். அப்போது பல் வலி என்று மடிப்பு சொல்லியிருந்தாள். அதற்கப்புறமும் பல் வலிதான். அவள் எடுத்த விடுப்பையெல்லாம் கூட்டிப் பார்த்தால் மூன்று பேருக்கு உண்டான பற்கள் அவள் வாயில் இருந்தாக வேண்டும். அக்கா தலையை மட்டும் ஆட்டினாள். அந்தத் தலையாட்டல்தான் மடிப்புக்குப் பொறுக்கவில்லை. பொய் சொன்னால் யாராவது நம்பவேண்டும், இல்லாவிட்டால் சண்டைக்காவது வரவேண்டும்.

பேருந்து நிறுத்தத்தில் புருஷன் குடையோடு காத்திருந்தான். அவனுக்கும் தெருவில் ஒரு பெயர்தான், வால்வுக்காரர். குடிநீர்க் குழாய்களைத் திறந்து மூடுகிறவன். தோளில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புச் சாவி, பிடி குறுக்காக இருக்கும். தெருமுனைக் குழியின் மூடியைத் தூக்கி, சாவியை உள்ளே விட்டு, எத்தனை சுற்று என்று உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே திருப்புவான். தண்ணீர் வருகிற தெருவில் அவனை யாரும் கண்டுகொள்வதில்லை. வராத தெருவில் அவனுடைய ஏழு தலைமுறையும் விசாரிக்கப்படும். அதனால் அவன் மனிதர்கள் சொல்வதைவிட அழுத்தமானியின் முள் சொல்வதை நம்புகிறவனாக ஆகிவிட்டான். முள் இரண்டுக்குக் கீழே இருந்தால் மேல்மாடிக்குத் தண்ணீர் ஏறாது, மூன்றைத் தொட்டால் கவலை இல்லை. வீட்டில் காய்ச்சல் வந்தால்கூட நெற்றியைத் தொட்டுப் பார்க்கமாட்டான், காய்ச்சல்மானியைத் தேடுவான்.

அவர்களுக்கு நாலு கருக்கள் இருந்தன. மருத்துவமனையில் முட்டையையும் விந்தையும் சேர்த்து வளர்த்து, உறைபெட்டியில் வைத்திருந்தார்கள். முதலாவதைக் கர்ப்பப்பையில் வைத்தபோது வீடே மூச்சுப் பிடித்துக்கொண்டு நடந்தது. புருஷனின் அக்கா, இவர்களோடேயே இருக்கிறவள், தம்பி பெண்டாட்டியைப் பதினாலு நாள் கட்டிலைவிட்டு இறங்க விடவில்லை. பதினைந்தாம் நாள் இரத்தப் பரிசோதனையில் இல்லை என்று வந்தது. இரண்டாவதும் இல்லை. மூன்றாவது ஒரு வாரம் இருப்பதுபோல் காட்டிவிட்டு, அவள் ஒரு வெள்ளைச் சட்டைக்குக் காலர் போட்டுக்கொண்டிருந்தபோது போயிற்று. அந்தச் சட்டையை முடித்துவிட்டுத்தான் கழிப்பறைக்குப் போனாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று பிறகு பல நாள் யோசித்திருக்கிறாள். கை தன் பாட்டுக்கு வேலையை முடித்துவிட்டது, அவ்வளவுதான்.

மிச்சம் இருந்தது ஒன்று. வீட்டில் அதை நாலாவது என்று சொல்வார்கள். "நாலாவதுக்கு அப்புறம் பார்க்கலாம்," "நாலாவது முடியட்டும்" என்று, ஏதோ பள்ளிக்கூடத்தில் படிக்கிற பிள்ளையைப்போல.

அதை வைப்பதற்கு முன்னால் டாக்டரம்மா புதிதாக ஓர் அளவு எடுக்கச் சொன்னார். கர்ப்பப்பைக்குப் போகிற இரத்தக்குழாயை ஸ்கேன் கருவியால் கண்டுபிடித்து, இரத்தம் எப்படி ஓடுகிறது என்று பார்க்கிற அளவு. திரையில் சிவப்பும் நீலமுமாக ஏதோ தெரியும், கீழே அலை அலையாக ஒரு கோடு ஓடும், கருவியிலிருந்து தண்ணீர் கொப்பளிப்பதுபோல் சத்தம் வரும். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் வால்வுக்காரருக்கு முகம் மலர்ந்துவிட்டது. நாலு வருடமாக அந்த மருத்துவமனையில் அவனுக்குப் புரிந்த முதல் விஷயம் அதுதான்.

முதல் தடவை அளவு மூன்று புள்ளி நாலு என்று வந்தது. டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டு ஒரு மாத்திரை எழுதினார். எதற்கு என்று அவன் கேட்டதற்கு, "கர்ப்பப்பைக்குப் போற ரத்த ஓட்டத்தைப் பார்த்தோம், அதைச் சரிபண்ணத்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். வெளியே நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள், அவரையும் குறை சொல்ல முடியாது. இரண்டு வாரம் கழித்து மறுபடி அளந்தபோது இரண்டு புள்ளி ஆறு. அன்றைக்கு டாக்டரம்மா அறுவை அரங்கில் இருந்தார். மாத்திரையைத் தொடரச் சொன்னதாக நர்ஸ் வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

வீட்டுக்கு வந்ததும் வால்வுக்காரர் அந்தக் காகிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நின்றான். ஓட்டத்தை அளந்தால் மூன்றரை கிட்ட இருந்திருக்கிறது. மாத்திரை போட்டு அது இரண்டரைக்கு இறங்கியிருக்கிறது. இதற்குமேல் என்ன விளக்கம் வேண்டும்? இந்த மாத்திரை ஆகவில்லை என்றான். அவன் அக்காவும் அடுப்படியிலிருந்து ஆமோதித்தாள். தலை வலிக்கிறது என்றால் உடம்பு வேண்டாம் என்று சொல்கிறது என்றுதான் அர்த்தமாம். மாத்திரை போட்ட அரை மணி நேரத்தில் மடிப்புக்கு முகம் சிவந்து, கண்ணுக்குப் பின்னால் யாரோ சுத்தியலால் தட்டுவதுபோல் ஆகிவிடும். நீராவிக்கு முன்னால் அதோடு நிற்பது எப்படி என்று நின்றவளுக்குத்தான் தெரியும். அவளும் சரி, நிறுத்திவிடலாம் என்றாள். மூன்று பேர் கூடி எடுத்த முடிவு. மூன்று பேருக்கும் வைத்தியம் தெரியாது என்பதைத் தவிர அந்த முடிவில் ஒரு குறையும் இல்லை.

இன்றைக்கு மூன்றாவது அளவு. இது சரியாக இருந்தால் நாளை மறுநாள் நாலாவதை வைப்பதாக ஏற்பாடு.

ஸ்கேன் அறையில் விளக்கைத் தணித்திருந்தார்கள். ஸ்கேன் எடுக்கிற பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுக்குமேல் இருக்காது. கையுறையை மாட்டிக்கொண்டே மூச்சை மெதுவாக விடச் சொன்னாள். மடிப்பு மேற்கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். அங்கே ஒரு பலகையில் ஈரம் பட்ட கறை இருந்தது. நாலு வருடத்தில் அது கொஞ்சம் பெரிதாகியிருந்தது. வால்வுக்காரர் திரைக்கு எதிரில், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, உத்தியோகத்தில் இருக்கிறவனைப்போல் நின்றான். கொப்பளிக்கிற சத்தம் வந்தது. அந்தப் பெண் கோட்டை நிறுத்தினாள், இரண்டு இடத்தில் புள்ளி வைத்தாள், திரையின் ஓரத்தில் எண் வந்தது. மறுபக்கத்துக் குழாய்க்கும் அதே மாதிரி.

"மூணு புள்ளி மூணு," என்று வால்வுக்காரர் சத்தமாகவே படித்தான். "ஏறிடுச்சு பாரு. நான் சொன்னேன்ல."

அந்தப் பெண் திரும்பி அவனைப் பார்த்தாள். எண்களைப் பற்றி டாக்டர்தான் சொல்லவேண்டும் என்பது அங்கே விதி. ஆனால் இத்தனை சந்தோஷத்தோடு ஒருவன் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும்போது விதியைப் பிடித்துக்கொண்டிருக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"ஏறினா நல்லது இல்லைங்க," என்றாள். "இது எவ்வளவு ரத்தம் ஓடுதுங்கற அளவு இல்லை. ஓடறதுக்கு எவ்வளவு முட்டுதுங்கற அளவு. முட்டல் குறைஞ்சாத்தான் உள்ள நல்லா போகும்."

அவனுக்கு இரண்டாம் தடவை சொல்லவேண்டியிருக்கவில்லை. மூடிய வால்வுக்கு முன்னால் அழுத்தமானியை வைத்தால் முள் ஏறித்தான் நிற்கும், அப்பால் சொட்டுத் தண்ணீர் போகாது. வேலையில் சேர்ந்த முதல் வாரம் கற்றுக்கொடுத்த பாடம் அது. இருபது வருடமாகத் தெருத்தெருவாக அவன் மற்றவர்களுக்கு விளக்குகிற பாடம். மடிப்பு தலையைத் திருப்பி அவன் முகத்தைப் பார்த்தாள். பல் தெரிந்த வாய் அப்படியே மூடிக்கொண்டது. பாவமாக இருந்தது அவளுக்கு. அவளைவிட அவன்தான் அங்கே துணி இல்லாமல் படுத்திருப்பவன்போல் இருந்தான்.

டாக்டரம்மாவின் அறைக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். மழை பலத்துவிட்டது. நாத்தனார் கட்டிக்கொடுத்த ரொட்டியும் அவித்த முட்டையும் பையில் இருந்தன. அவன் முட்டையை உரித்தான். உரித்து முடித்து, அவளிடமும் கொடுக்காமல் தானும் தின்னாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தான்.

"நான்தான் கெடுத்தேன்," என்றான்.

"நீங்க கெடுக்கலை."

"அடைச்ச வால்வுக்கு முன்னால முள்ளு ஏறும். இது கூடத் தெரியாதவனா நான்? உள்ள போய்ச் சொல்லிடறேன், மாத்திரையை நிறுத்தச் சொன்னது நான்னு."

"சொல்ல வேண்டாம்."

அவன் திரும்பினான். எதிரே ஒரு பெண் மடியில் மருத்துவக் கோப்பு ஒன்றை வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். மடிப்பு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். இதைச் சொல்லவேண்டும் என்று அவள் திட்டம் போட்டு வரவில்லை. வாயைத் திறந்ததும் அது பாட்டுக்கு வந்தது.

"சொன்னா இன்னொரு மாசம்பாங்க. மறுபடி ஊசி, மறுபடி மாத்திரை, மறுபடி கூடத்துல போய் பல் வலி. சொல்லலைன்னா மாத்திரைக்கே இவ்வளவுதான்னு நாளை மறுநாள் வச்சிடுவாங்க. ஒட்டினா ஒட்டட்டும்."

"ஒட்டலைன்னா?"

"முடிஞ்சுதுன்னு வீட்டுக்குப் போகலாம்."

அவன் முட்டையைப் பொட்டலத்திலேயே திரும்ப வைத்தான். "உனக்கு வேண்டாமா?"

"வேணும். முடியலை." பொட்டலத்தை வாங்கிப் பைக்குள் வைத்தாள். "நம்பர் இறங்கிடுச்சுன்னு அன்னிக்கு நீங்க சொன்னப்ப எனக்கு சந்தோஷமா இருந்தது தெரியுமா? தலைவலி விட்டுதுன்னு. நீங்க சொல்லலைன்னாலும் நானே ஏதாவது காரணம் கண்டுபிடிச்சிருப்பேன்."

பதினோரு வருடக் கல்யாண வாழ்க்கையில் அவர்கள் நிறையப் பேசியிருக்கிறார்கள். தண்ணீர் வராத தெருவைப் பற்றி, ஜன்னலில் ஒழுகுவதைப் பற்றி, அக்காவின் முழங்கால் வலியைப் பற்றி. ஆஸ்பத்திரிக்கு வருகிற வழியெல்லாம் ஊசி போடுகிற நேரத்தையும் அடுத்த தேதியையும் பேசுவார்கள். அவளுக்குப் போதும் என்று ஆகியிருக்கும் என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை. அவனுக்கும் போதும் என்று இருந்தது. ஆனால் கஷ்டப்படுகிறவள் அவள், நாம் எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டான். இதை அவன் அப்போது சொல்லியிருக்கலாம். அதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

டாக்டரம்மாவும் களைத்துத்தான் இருந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, மூன்று காகிதங்களையும் வரிசையாகப் பரப்பினார். மூன்று புள்ளி நாலு, இரண்டு புள்ளி ஆறு, மூன்று புள்ளி மூன்று. நடுவில் நன்றாக இறங்கியது ஏன் மறுபடி ஏறியது என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

"மாத்திரை விடாம போட்டுட்டுத்தானே இருக்கீங்க?"

யாரும் பதில் சொல்லவில்லை. அவர் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். பிறகு நிதானமாகப் பேசினார். மாத்திரை போட்டும் இப்படி ஏறினால் இதற்குமேல் இறங்கும் என்று தனக்குத் தோன்றவில்லை என்றார். இந்த அளவில் வைத்தால் ஒட்டுகிற வாய்ப்பு குறைவு. ஒட்டவே ஒட்டாது என்றும் சொல்வதற்கில்லை. எண் நன்றாக இருந்து ஒட்டாமல் போனவர்களையும் மோசமாக இருந்து பெற்றுக்கொண்டவர்களையும் பார்த்திருக்கிறார். "இருக்கறது ஒண்ணுதான். வச்சுப் பார்த்துடுவோம். அதுக்கப்புறம் உங்க உடம்பைப் போட்டு வருத்தவேண்டாம்மா. போதும்னு நானே சொல்றேன்."

போதும். இந்த ஒரு வார்த்தையை யாராவது சொல்லமாட்டார்களா என்று அவள் எத்தனை நாள் ஏங்கியிருக்கிறாள். நாத்தனார் சொல்லமாட்டாள், புருஷன் சொல்லமாட்டான், தானாகச் சொல்ல வாய் வராது. இதோ சொல்லியாயிற்று. எழுந்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே போகவேண்டியதுதான் பாக்கி. ஆனால் அவள் எழுந்திருக்கவில்லை. முதல் மூன்றும் போனதற்கு அவள் ஒன்றும் செய்யவில்லை. சொன்னபடி படுத்தாள், சொன்னபடி ஊசி குத்திக்கொண்டாள், அழுதாள். நாலாவது அப்படிப் போகப்போவதில்லை. தெரிந்தே ஒரு பொய்யை உள்ளே விட்டு, அதன்மேல் இதை வைக்கச் சொல்கிறாள்.

"டாக்டர், மாத்திரையை—" என்று வால்வுக்காரர் ஆரம்பித்தான்.

"நான்தான் நிறுத்திட்டேன்," என்றாள் அவள். "ரெண்டு வாரமா போடலை. தலைவலி தாங்கலை. நின்னு செய்யற வேலை."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். திட்டுவார் என்றுதான் இருவரும் எதிர்பார்த்தார்கள்.

"தலைவலின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அளவைக் குறைச்சுக் குடுத்திருப்பேனே," என்றார். அப்புறம் காகிதங்களைப் பார்த்தார். "இந்த நம்பர் குறைஞ்சா நல்லதுன்னு உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

 யார் சொல்லியிருக்கவேண்டும் என்று யோசித்ததும் டாக்டரம்மாவுக்கே பதில் தெரிந்துவிட்டது. மூக்குக்கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். நாளை மறுநாளே வைப்பதென்றாலும் சரி, ஒரு மாதம் குறைந்த அளவில் மாத்திரை கொடுத்துப் பார்த்துவிட்டு வைப்பதென்றாலும் சரி என்றார். எப்படிச் செய்தாலும் தன்னால் உறுதி சொல்ல முடியாது. "நீங்க சொல்லுங்க," என்று மடிப்பைப் பார்த்தார். நாலு வருடத்தில் அவளை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

"போறதுன்னா அதுவா போகட்டும் டாக்டர்," என்றாள். "எங்க கையால போக வேண்டாம். ஒரு மாசம் பார்க்கறேன். அதுக்குமேல என்னால முடியாது. இதை நீங்க எழுதி வச்சுக்குங்க."

டாக்டரம்மா உண்மையிலேயே ஏதோ எழுதினார்.

வெளியே வந்து குடைக்குள் ஒண்டி நின்றார்கள். பேருந்து வரவில்லை. ஏன் பழியை உன்மேல் போட்டுக்கொண்டாய் என்று அவன் கேட்டான். பழி இல்லை, உண்மையைத்தான் சொன்னேன் என்றாள். அப்புறம் தனக்கும் ரொம்ப நாளாகப் போதும் என்று இருந்ததை அவன் மெல்லச் சொன்னான். அவளுக்குக் கோபம் வந்தது. இதை முன்பே சொல்லியிருந்தால் எவ்வளவு இலேசாக இருந்திருக்கும் என்று நினைத்தாள். தானும் சொல்லவில்லையே என்று தோன்றியதும் கோபம் அடங்கிவிட்டது.

"அடுத்த தடவை ஸ்கேனுக்கு உள்ள வாங்க," என்றாள். "ஆனா திரையைப் பார்க்காதீங்க."

"அப்ப எதைப் பார்க்க?"

"நான் ஒருத்தி அங்க படுத்திருக்கேன்."

மறுநாள் கூடத்தில் மேற்பார்வை அக்காவிடம் போய், தனக்குப் பல் வலி எதுவும் இல்லை என்று சொன்னாள். "தெரியும்," என்றாள் அக்கா. வேறொன்றும் கேட்காமல் அவளைத் துணி மடிக்கிற மேசைக்கு மாற்றி, உட்கார ஒரு ஸ்டூலும் போட்டுக்கொடுத்தாள். இத்தனை சுலபமாக முடிகிற காரியத்துக்கா நாலு வருடம் பொய் சொன்னோம் என்று மடிப்புக்குத் தன்மேலேயே எரிச்சலாக வந்தது. அளவைக் குறைத்த மாத்திரையும் தலையை வலிக்கத்தான் வைத்தது. ஆனால் உட்கார்ந்தால் தாங்க முடிந்தது. வீட்டில் நாத்தனார் மட்டும் இந்த மாத்திரை எதற்கு மறுபடி என்று இரண்டு நாள் முணுமுணுத்தாள். வால்வுக்காரர் ஒரு தம்ளரையும் ஒரு துணியையும் வைத்துக்கொண்டு அக்காவுக்கு முட்டல் என்றால் என்ன என்று விளக்கினான். அவளுக்குப் புரியவில்லை. தம்பி இத்தனை சிரத்தையாகச் சொல்கிறானே என்று விட்டுக்கொடுத்தாள்.

மாதம் முடிந்து மருத்துவமனைக்குப் போன அன்றைக்கும் மழைதான். விடியற்காலையிலிருந்து குழிகளில் இறங்கி ஏறிவிட்டு வால்வுக்காரர் நேராக வந்திருந்தான். ஸ்கேன் அறையில் அதே பெண், அதே தணிந்த விளக்கு. அவன் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அவள் தலைமாட்டில் வந்து நின்றான். என்ன செய்வதென்று தெரியாமல் ஈரக் கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். கொப்பளிக்கிற சத்தம் வந்தபோது அவன் கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. திரும்பவில்லை.

அந்தப் பெண் கோட்டை நிறுத்தினாள், புள்ளி வைத்தாள். இப்போதெல்லாம் அவள் விதியைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டிருந்தாள். "ரெண்டு புள்ளி மூணு," என்றாள். "குறைஞ்சிருக்கு. குறைஞ்சா நல்லது. நாளை மறுநாள் வச்சிடுவாங்க."

அவன் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. குனிந்து அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தலை வலிக்குதா?" என்றான்.

"வலிக்குது."

அவன் உள்ளங்கையை அவள் நெற்றியில் வைத்தான். காலையிலிருந்து இரும்புச் சாவியையும் தண்ணீரையும் பிடித்திருந்த கை, சில்லென்று இருந்தது. அவளுக்கு அழுகை வந்தது. எடுக்காதீங்க என்றாள்.